முதுகுப் பக்கம்

ஜனவரி, இரண்டாம் செவ்வாய்.
தீயணைப்பு நிலையத்து மாடியில் ஹீட்டர் ஓடவில்லை.
ஏழு பேர் வந்திருந்தோம், கையுறையோடு.
கையுறை போட்ட விரலால் இடுக்கி பிடிக்க முடியாதென்று
ஸிக்மார்ஸ் ஒரு தீர்மானமே கொண்டுவந்தார்.
ஏகமனதாக நிறைவேறியது. பதிவேட்டில் எழுதினேன்.

நான் தபால்தலை சேர்ப்பவள் இல்லை.
குல்டீகாவிலிருந்து ரீகாவுக்குப் பேருந்து ஓட்டுகிறேன்,
வாரம் நாலு நாள்.
கையெழுத்து கோணாது என்பதற்காகச்
செயலாளராக்கிவிட்டார்கள். பதினோரு வருஷமாயிற்று.
எனக்குக் கடிதம் வந்தால்
மூலையைக் கிழித்து யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

பிப்ரவரியில் பண்டமாற்று.
ரோஜாவுக்கு மீன். இரண்டு விமானத்துக்கு ஓர் ஒட்டகம்.
பல் மருத்துவர் சர்மீடே
தபால்தலையின் ஓரப்பற்களை எண்ணுவார்,
லென்ஸை நகர்த்தி நகர்த்தி.
பிறகு வேலைக்குரலிலேயே சொல்வார்:
"இங்கே ஒன்று விழுந்திருக்கிறது."

மார்ச்சில் ஏலம்.
விஸ்மா பதினாலு யூரோ வரை ஏறினார்.
ஓயார்ஸ் பதினாலரை.
எங்களிடம் சுத்தியல் கிடையாது,
கரண்டியால் கோப்பையைத் தட்டுவோம்.
அந்த ஓசையோடு
இருவருக்கும் பேச்சு அறுந்தது.
அரை யூரோ!
"ஏலம் சுமுகமாக நடந்தது" என்று எழுதிவைத்தேன்.

ஏப்ரலில் வென்டா அருவியை எதிர்த்து மீன்கள் துள்ளும்.
ஊர் முழுக்கக் கரையில் நின்றது.
கூட்டத்துக்கு வந்தது நானும் சாவியும்.

மே: குறிப்பு இல்லை.

ஜூனில் இருட்டு வருவதா வேண்டாமா என்று யோசிக்கும்.
பியர், பாலாடைக்கட்டி.
ஸிக்மார்ஸ் தலையிலிருந்த ஓக் இலை வளையத்தைக்
கழற்றி யாருடைய ஆல்பத்தின் மீதோ வைத்துவிட்டுப் போனார்.
ஹங்கேரி முழுக்க ஈரம்.

செப்டம்பரில் நூலகத்தில் கண்காட்சி, ஆறு சட்டகம்.
பார்வையாளர் பத்தொன்பது பேர்,
எட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கேட்டான்:
"இதையெல்லாம் ஏன் அனுப்பவே இல்லை?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்டோபரைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில்
இந்த நாடு பிறந்தபோது தாள் கிடைக்கவில்லை.
ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன வரைபடங்களின்
முதுகில் அச்சடித்தார்கள் முதல் தபால்தலையை.
முகத்தில் சூரியனும் கதிரும்.
பின்னால், யாரோ பிடிக்க நினைத்த ஊர்கள்.

"உங்களிடம் இருப்பதையெல்லாம் கவிழ்த்து வையுங்கள்,"
என்றார் சர்மீடே.
ஐம்பத்து மூன்று துண்டு.
சதுப்பு நிலத்தின் புள்ளிகள். பாதிப் பெயர்.
பாதையா ஓடையா என்று தெரியாத கோடு.
இரண்டு மணி நேரம் எதுவும் எதோடும் சேரவில்லை.

பிறகு விஸ்மா, தயங்காமல், ஒரே நகர்த்தலில்,
தன் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்
ஓயார்ஸின் பதினாலரை யூரோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.
அவரிடம் இருந்தது பாலத்தின் ஒரு பாதி.
இவரிடம் மறுபாதி.

ஓயார்ஸ் முதுகைத் திருப்பிப் பார்த்தவரே இல்லை.
"முன்னாலேயே தெரியுமா?"
ஏழு மாதத்தில் முதல் வார்த்தை.
"தெரியும்."
"சொல்லியிருக்கலாமே."
"சொன்னால் இருபதுக்கு ஏற்றியிருப்பாய்."
கொஞ்சம் யோசித்தார்.
"ஆமாம்."

அவர் விற்கவில்லை. இவரும் விற்கவில்லை.
ஆனால் ஒவ்வொரு செவ்வாயும்
வரவு செலவு படித்த பிறகு, தேநீருக்கு முன்,
இருவரும் இடுக்கியோடு எழுந்து வருகிறார்கள்.
இடப்பக்கம் அவர். வலப்பக்கம் இவர்.
நாங்கள் குனிகிறோம்.
பாலம் தாண்டியதும் சாலை வலப்பக்கம் வளைகிறது,
இரண்டாம் கியரில் எடுக்கவேண்டிய வளைவு.
அதற்கப்புறம் தாள் முடிந்துவிடுகிறது.

டிசம்பர் பதிவு:
பாலம் திறப்பு, ஏழு பத்து.
பாலம் மூடல், ஏழு பதினொன்று.
சர்க்கரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.